கணக்கெடுப்பில் அவள் சொன்ன பெயர்

ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரர்கள் கூடிய ஒரு விழாவில், இப்போது வேலையில் இருக்கும் இரண்டு இளைஞர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வெளிநாட்டுல எல்லாம் பழைய மக்கள்தொகைக் கணக்கை ஜனங்க பாக்க விடுறாங்களாம் சார். பாட்டன் பூட்டன் எங்க இருந்தாங்கன்னு தேடி எடுத்து வம்சாவளி எழுதிக்கிறாங்க. நம்ம ஊருலயும் திறந்துவிட்டா என்ன?" என்று கேட்டார்கள். தட்டில் இருந்த கேசரியைப் பார்த்தபடி, "யோசிச்சு எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு நழுவினேன். எழுதித் தருகிறேன் என்று சொன்னால் யாரும் விடாப்பிடியாகக் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பையன்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த சுபாவம். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவர் மகன். கூட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவனுக்குத் தனிமை என்றால் ஆகாது. ஐம்பதுகளில் எழுத்தராகச் சேர்ந்து, பழனி, திண்டுக்கல் என்று சுற்றி, கடைசியில் கொடைக்கானல் தாலுகா அலுவலகத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே எனக்குக் குளிர் பயம், அட்டை பயம், காட்டெருமை பயம். எல்லாவற்றையும்விட மலைப் பஸ் பயம். முதல் வளைவிலேயே வயிறு புரளத் தொடங்கிவிடும். ஊருக்குப் போக வேண்டுமென்றால் வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் சுற்றித்தான் பழனி. வீடு போய்ச் சேரும்போது என்னை நானே தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும்.

அப்போது எங்களுக்கு வாய்த்த தாசில்தார் தணிகாசலம். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த மனுவையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை கண்ணாடியோடு, இரண்டாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்கருகே பிடித்துக்கொண்டு. முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. யார் என்ன கேட்டாலும், "உக்காருங்க, டீ சாப்பிடுங்க, கேக்குறத எழுதிக் குடுங்க" என்பார். பாதிப் பேர் டீ குடித்துவிட்டு எழுதாமலே போய்விடுவார்கள். தப்பான காரியத்தை வாயால் கேட்க எல்லோராலும் முடியும். கையால் எழுதிக் கேட்கத்தான் யோசிப்பார்கள் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அறுபத்தொன்றாம் வருஷக் கணக்கெடுப்பு வந்தது. கணக்கெடுப்பவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. வீட்டுத் தலைவர் முதலில். வயது, கல்யாணம், பிறந்த இடம், தொழில். அதில் ஒரு விதி: மக்கள் சொல்வதை எழுதிய சீட்டைப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது, கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. இதைச் சொல்லி மக்களின் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும் என்றார்கள். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன்.

மேல்மலைக் கிராமங்களில் பள்ளிக்கூட வாத்தியார்கள்தான் கணக்கெடுத்தார்கள். பூம்பாறைக்கும் அப்பால் ஒரு சிற்றூர் வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட, அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் போக வேண்டியதாயிற்று. என் தலையில் விழுந்தது. பூண்டு ஏற்ற வந்த லாரியில் பாதி தூரம், பிறகு நடை. அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு போனேன்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். எந்த அதிகாரி கேட்டாலும் சிரிப்பார்களே தவிர வாய் திறக்கமாட்டார்கள். அதனால் கணக்கெடுக்கிறவன் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு, "இந்த அம்மா வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்வான். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். இரண்டு நாள் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்.

படிக்கட்டு வயல்களின் கடைசியில் ஒரு வீடு. கணக்கெடுப்புக்காகச் செங்காவியில் எண் போட்ட கதவு. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முற்றத்தில் உட்கார்ந்து பூண்டின் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தோட்டத்தில் இருக்கிறார் என்றாள். பெயர் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான் வழக்கம்போலப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, ஆளைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"கூப்பிடாதீங்க சாமி!" என்று எழுந்தே விட்டாள். கையில் பூண்டு அறுக்கும் கத்தி வேறு இருந்தது. நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஏம்மா?"

"அவங்களுக்குத் தெரிஞ்ச பேரு வேற."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "இந்தச் சீட்ட யாரு பாப்பாக?"

நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். யாரும் பார்க்க முடியாது.

"போலீசு கேட்டா?"

"குடுக்கமாட்டோம்."

"கோர்ட்டு?"

"அங்கயும் செல்லாதும்மா."

"எங்கண்ணன் வந்து கேட்டா?"

"யாரு வந்து கேட்டாலும்தான்." பொழுது இறங்குவதற்குள் இன்னும் ஏழெட்டு வீடு பார்க்க வேண்டுமே என்ற அவசரத்தில், சீட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

அறுத்த பூண்டை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு, புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, காற்று மாதிரி, புருஷன் பெயரைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் முகம் சிவந்துவிட்டது. "கட்டுனதுலேருந்து இன்னிக்குத்தான் சொல்றேன் சாமி" என்றாள்.

மற்றதையும் அவளே சொன்னாள். கன்னிவாடிச் சந்தைக்கு வந்து போகிற ஊர்களில் ஒன்று அவளுடையது. புருஷன் அவர்கள் தோட்டத்தில் கூலி வேலை செய்தவன், வேறு சாதி. இரண்டு பேரும் மலையேறி ஓடிவந்து, பெயரை மாற்றிக்கொண்டு பிழைக்கிறார்கள். அண்ணன் அரிவாளோடு தேடுகிறான். இந்தக் கதைக்குச் சீட்டில் இடமில்லை. பிறந்த ஊர் அதே மாவட்டத்துக்குள் இருந்தால் ஊர்ப் பெயர்கூட எழுத வேண்டாம், மாவட்டம் என்று குறித்தால் போதும். குறித்தேன். அந்த இரண்டு பெயர்களையும் மலையில் அவர்கள் இருந்த ஊரையும் இங்கேயும் நான் எழுதப் போவதில்லை.

திரும்பி நடக்கும்போதுதான் பயம் பிடித்தது. அவ்வளவு நாளும் அந்தச் சீட்டுகள் எனக்கு வெறும் தாள். இப்போது பைக்குள் ஓர் ஆளின் உயிரே கிடக்கிற மாதிரி இருந்தது. வழியில் எதிரே வந்த விறகுக்காரன் "என்னா சார், கணக்கு முடிஞ்சுதா?" என்று சும்மா கேட்டதற்குக்கூடப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாச் சீட்டுகளும் கட்டுக் கட்டாக அலுவலகத்துக்கு வந்து, மேலிடத்துக்கு அனுப்புவதற்காக இரும்பு அலமாரியில் இருந்தன. அந்தச் சமயத்தில் ஒருவன் வந்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மிகவும் பணிவாகப் பேசினான். பழனியில் சாமிக்கு ஒருநாள் உபயம் செய்யும் மண்டகப்படி தங்கள் குடும்பத்துக்கு இருப்பதாகவும், திருவிழாவில் அந்த உரிமையை நிலைநாட்ட வம்சாவளி தயாரிப்பதாகவும், சொந்தக்காரர்கள் சிலர் மலையில் குடியேறிவிட்டதால் கணக்குச் சீட்டுகளைப் பார்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் சொன்னான். நியாயமான கோரிக்கை மாதிரிதான் இருந்தது. அவன் தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். அவள் சொன்ன அதே ஊர். என் பேனா நின்றுவிட்டது.

தாசில்தார் வழக்கம்போல உட்கார வைத்து, டீ வரவழைத்து, "வம்சாவளிய எழுதிக் குடுங்க" என்றார். அவன் மற்றவர்களைப் போல நழுவவில்லை. பாட்டன், பெரிய தகப்பன், சித்தப்பன் என்று கிளை கிளையாக அழகாக எழுதிக் கொடுத்தான். தாசில்தார் கண்ணாடியோடு ஒரு தடவையும் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவையும் படித்தார்.

"இதுல மலையில இருக்குறது யாரு?"

அவன் விரல் ஒரே ஒரு பெயரில் போய் நின்றது. நான் எட்டிப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும்.

"உங்க தங்கச்சியா?"

"ஆமாங்க."

"மண்டகப்படி ஆம்பளப் புள்ளைகளுக்குத்தான எறங்கும்? வம்சாவளி தேடி வர்றவுக கட்டிக் குடுத்த பொண்ணத் தேடி நான் பாத்ததில்லைங்களே. வேற வீட்டுக்குப் போனவுகதான?"

அவன் டீயை ஒரு வாய் குடித்தான்.

"சரி, பொண்ணு பேரு இருக்கு. மாப்பிள்ளை பேர எழுதலையே?"

"மாப்பிள்ளைன்னு ஒருத்தன் கெடையாதுங்க" என்றான். குரல் அதே பணிவில்தான் இருந்தது. டம்ளரை மேஜையில் வைத்த விதத்தில்தான் எல்லாம் தெரிந்தது.

தாசில்தார் சட்டத்தை எடுத்துச் சொல்லி, மனுவை நிராகரித்து, கையோடு எழுதியும் கொடுத்தார். பிறகு ஒரு வாரம் பெரிய மனிதர்களிடமிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. எல்லோருக்கும் அதே டீ, அதே "எழுதிக் குடுக்கச் சொல்லுங்க." ஒருவரும் எழுதவில்லை. நான் ஒருநாள் தாங்க முடியாமல், "சார், அந்தப் பொண்ணு இருக்குற..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"எனக்குச் சொல்லாதீங்க கணேசன். தெரியாதவன்கிட்ட எதையும் புடுங்க முடியாது."

"போயி ஒரு வார்த்தை எச்சரிக்கையாச்சும்..."

"நீங்க போற வழியில அவன் வருவான். பேசாம சோலியப் பாருங்க."

பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். என் முகம் பேசாமல் இருக்குமா என்பதுதான் என் பயம். மனதில் இருப்பதை மூஞ்சியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற ஜாதி நான் என்று என் மனைவியே சொல்வாள்.

சீட்டுக் கட்டுகளுக்கு அரக்கு முத்திரை வைத்து அனுப்பிய மறு வாரம் ஊருக்குக் கிளம்பினேன். பஸ் புறப்படுகிற நேரத்தில் பக்கத்து இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். திருநீற்று வாசனை. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. கையில் ஒரு சீப்பு மலைவாழை.

"பழம் சாப்பிடுங்க சார். தாசில்தார் ஐயா நல்லவரு, சட்டப்படி நடக்குறாரு. நான் குத்தம் சொல்லல." அவன் பழத்தை உரித்து என் கையில் வைத்தான். "நீங்களும் கணக்கெடுக்கப் போனீங்களாமே. எந்தப் பக்கம்?"

நான் கையிலிருந்த பழத்தைப் பார்த்தேன். அவனும் வற்புறுத்தவில்லை. என் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஊராகச் சொல்லிச் சொல்லி என் முகத்தையே பார்த்தான். "பூம்பாறையா?" கொஞ்சம் இடைவெளி. "மன்னவனூரா? கூக்காலா? இல்ல, இந்தப் பக்கம் பண்ணைக்காடா?"

என்னைக் காப்பாற்றியது என் தைரியமல்ல, என் வயிறு. முதல் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே பஸ் வளைவில் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். இரண்டாவது ஊர், இரண்டாவது வளைவு, மறுபடி வாந்தி. பயமும் சேர்ந்துகொள்ள, எந்த ஊரைச் சொன்னாலும் நான் ஒரே மாதிரி வெளிறினேன், ஒரே மாதிரி நடுங்கினேன். பிணத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாத நிலையில் அவனால் என் முகத்தில் என்ன படிக்க முடியும்? வத்தலக்குண்டு வந்ததும் எழுந்தான். "ஒடம்பப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லி, மிச்சப் பழங்களை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். அந்தப் பழங்களைத் தொடவே பயமாக இருந்தது. பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. காட்டில் எங்காவது பிணம் கிடந்தால் தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் வரும். போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். "ஆம்பளையா பொம்பளையா?" என்றுதான் முதலில் கேட்பேன். பொம்பளை என்று பதில் வந்தால், வயது தெரிகிற வரைக்கும் உட்காரமாட்டேன். தணிகாசலம் மாற்றலாகிப் போனார். போகும் நாளில்கூட என்னிடம் அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே ஐந்தாறு வருஷம் ஓடியது.

ஒருநாள் மத்தியானம் அலுவலக வாசலில் ஒரு பெண் நின்றாள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. கையைப் பார்த்ததும்தான் அடையாளம் தெரிந்தது. பூண்டு அறுத்துக் காய்ப்புக் காய்த்த விரல்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். உடனே பயம் வந்து, அவளை ஆவணக்காப்பு அறைப் பக்கம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனேன்.

"கன்னிவாடிச் சந்தை யாவாரி ஒருத்தரு பூண்டு எடுக்க வந்தாரு. பேச்சுவாக்குல எங்க வீட்டப் பத்திச் சொன்னாரு. அங்க ஒரு கெழவி செத்துப்போச்சாம். எங்கம்மாவா, அத்தையான்னு தெரியல. மேக்கொண்டு கேட்டா, நீ ஏன் கேக்குறேன்னு கேப்பாருல்ல. நீங்க ஊரு ஊரா எழுதுறீங்களே, அதுல பாத்துச் சொல்லுங்க சாமி."

"அந்தச் சீட்டெல்லாம் இங்க இல்லம்மா. இருந்தாலும் காட்ட முடியாது."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப... எங்கண்ணன் வந்தானா?"

"வந்தாரு."

"காட்டலையா?"

"காட்டல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க எழுதிட்டுப் போன மறுநாளே நாங்க வீட்டக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிட்டோம் சாமி. உங்கள நம்பாம இல்ல. பயம்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆளே இல்லாத வீட்டுக்காகவா நான் அத்தனை வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்! "பெறகு எதுக்கும்மா நெசப் பேரச் சொன்ன? பொய்ப் பேரையே சொல்லியிருக்கலாமே!"

"எங்கயாவது ஒரு எடத்துல எங்க ரெண்டு பேரு பேரும் நெசமா, ஒண்ணா இருக்கட்டும்னு தோணுச்சு" என்றாள்.

பையன்கள் கேட்ட கேள்விக்கு இந்த இடத்தில் என்னால் முடிந்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். தேடி வருகிறவர்களில் அவளும் இருப்பாள், அவள் அண்ணனும் இருப்பான். இரண்டு பேரும் வம்சாவளி என்றுதான் சொல்வார்கள். திறப்பதாக இருந்தால், சீட்டில் உள்ளவர்களும் அவர்களைத் தேடியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு திறவுங்கள்.

அவளுக்கு உதவ ஒரு வழி இருந்தது. இறப்புப் பதிவேடு மூடிய பதிவேடு அல்ல. யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு, இன்னார் பெயரில் பதிவு உண்டா என்று கேட்கலாம். ஆனால் மனுவில் கேட்கிறவர் பெயரும் விலாசமும் வேண்டும். மனு, பதிவேட்டை வைத்திருக்கும் அந்த ஊர்க் கிராம முன்சீப் கைக்குப் போகும். முன்சீப்புக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரிந்த மாதிரி. திறந்து கிடந்த அந்தப் பதிவேட்டை அவளால் தொட முடியாது. இதை விளக்கிச் சொன்னதும் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "சரி சாமி, வெரசாப் போகணும். அவரு பஸ் நிக்கிற எடத்துல நிக்கிறாரு."

"உங்கம்மா பேரச் சொல்லிட்டுப் போங்க. என் பேருல போடுறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று உறைத்தது.

மலையின் விலாசம் கொடுக்கவில்லை. பழனிக் கடை விலாசத்தைக் கொடுத்தேன். கணேசன் என்ற பெயர் பழனியில் தெருவுக்குத் தெரு உண்டு என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும், கடை வாசலில் வெள்ளை வேட்டி ஒன்று வந்து நின்று என் தகப்பனாரிடம் மலைவாழைச் சீப்பை நீட்டுகிற மாதிரியே கண்ணுக்குள் தெரிந்தது. அலுவலகத்தில் யாராவது சத்தமாகத் தும்மினாலும் திடுக்கிட்டேன்.

பதில் வந்ததைக் கடையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். சொல்லியிருந்தபடி அவள் கொடைக்கானல் சந்தைக்கு வந்த நாளில் அலுவலகத்தில் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிரித்துப் படித்துக் காட்டினேன். குறிப்பிட்ட பெயரில் இறப்புப் பதிவு எதுவும் காணப்படவில்லை.

"அப்படின்னா?"

"செத்தது உங்க அத்தையா இருக்கும். உங்கம்மா உசுரோட இருக்காங்க."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். ஆனால் தாளின் அடியில், முன்சீப்பின் கையெழுத்துக்குக் கீழே, வேறு மையில் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். மறைக்கவும் துணிவில்லை. படித்தேன்.

"மேற்படி அம்மாள் தம் மகளைப் பற்றித் தகவல் ஏதும் தங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார்."

அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அம்மாதான் கேக்குதா? இல்ல, அண்ணன் கேக்கச் சொல்றானா?"

"தெரியலம்மா. ரெண்டுல எதுவும் இருக்கலாம். பதில் போடாம இருந்துறலாம்."

ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். தெருவில் அவள் புருஷன் காலியான பூண்டுச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊரு வேணாம். பேரும் வேணாம். ஒரு வரி மட்டும் எழுதுங்க சாமி" என்றாள்.

கொடைக்கானலில் போட்டால் தபால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். அந்த ஒரு வரியைக் கார்டில் எழுதி, அவள் அம்மா பெயருக்கு விலாசமிட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வழிநெடுக வாந்தி எடுத்து, பழனிக்குப் போனேன். திருவிழாக் கூட்டம் நெரிகிற அடிவாரத்தில், ஊர் ஊராக வந்த ஜனங்கள் கடிதம் போடுகிற பெட்டியில் போட்டேன். யார் எடுத்துப் படித்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. அவள் சொன்னது அவ்வளவுதான்: "நானும் உசுரோட இருக்கேன்."